பெட்டிகளோடு போட்டி போடாத லோகோ: ஒரு போர்டு கேம் கஃபேக்கு அடையாளம் வடிவமைத்த விதம்

சாப்பிட்டுக்கொண்டே பலகை விளையாட்டுகள் ஆடும் இடமான போர்டு கேம் கஃபேக்குள் நுழைபவரின் கண் முதலில் அலமாரிக்குத்தான் போகும். அங்கே நூற்றுக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொன்றும் விற்பனைத் தட்டில் பக்கத்துப் பெட்டியை முந்திக் கண்ணை இழுப்பதற்காகவே வரையப்பட்டது. டிராகன், ரயில், விண்கலம், கோட்டை, பூந்தோட்டம் எல்லாம் ஒரே சுவரில் நிற்கும். அந்தச் சுவருக்கு எதிரே ஐந்து நிறத்தில் ஒரு லோகோவை வைத்தால் அது இன்னொரு பெட்டியாகக் கரைந்துபோகும். இந்தத் திட்டத்தின் எல்லா முடிவுகளும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து பிறந்தவை: கத்துவதைப் பெட்டிகள் பார்த்துக்கொள்ளும்; கடையின் அடையாளம் அமைதியாக வழிகாட்டினால் போதும்.

எடுத்துக்கொண்டது நடுத்தர அளவுக் கடை. 12 மேசை, 48 இருக்கை, 350 பெட்டி, ஒரே தளம், 5 மீட்டர் அகல முகப்பு. விளையாட்டு சொல்லித்தர ஒரு வேளைக்கு இரண்டு பேர். கேட்கப்பட்ட வேலை வழக்கமானதுதான்: லோகோ, பெயர்ப்பலகை, மெனு, ஏப்ரன், சமூக ஊடகப் படங்கள். அலமாரி லேபிளும் மேசைமேல் வைக்கும் பொருள்களும் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் வேலையின் பெரும்பகுதி அவற்றுக்கே போனது.

வரையத் தொடங்குமுன் செய்தது ஒரு கேள்விப் பட்டியல். புதிதாக வருபவர் கதவைத் திறந்ததிலிருந்து முதல் காயை நகர்த்தும் வரை என்னென்ன கேட்பார்? இங்கே என்ன நடக்கும்? காசு நேரத்துக்கா, ஆளுக்கா, சாப்பிடுவதற்கா? பெட்டியை நானே எடுக்கலாமா? எங்களுக்கு எது சரிப்படும்? யார் சொல்லித் தருவார்? முடிந்ததும் எங்கே வைப்பது? பதில் எழுதி வைக்கப்படாத ஒவ்வொரு கேள்வியும் பணியாளர் தலையில் விழும். நடுத்தரச் சிக்கலுள்ள ஒரு விளையாட்டைச் சொல்லித்தர 10 முதல் 15 நிமிடம் ஆகும். அரைமணி நேரத்துக்குள் ஆறு மேசை நிறைந்தால் இரண்டு பேரால் ஈடுகொடுக்க முடியாது. பிராண்டு அடையாளம் சுமக்க வேண்டிய பாரம் இதுதான்.

பெயரும், தவிர்த்த சின்னங்களும்

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வணிகச் சின்னத் தேடலை (அதே பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதை), பதிவுப் பட்டியலில் உணவகச் சேவைக்கான 43-ஆம் வகுப்போடு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பொழுதுபோக்குச் சேவை 41-ஆம் வகுப்பில் வருகிறது. விளையாட்டுப் பொருள்கள் 28. சில்லறை விற்பனை 35. கஃபே நாளைக்கே பெட்டிகளை விற்கவும் தொடங்கலாம், ஆகவே நான்கிலும் பார்க்க வேண்டும். வேறொரு விளையாட்டின் பெயரை வைத்துச் சிலேடை செய்த பெயர்கள் முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டன. எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பெயருரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்புரோ என்ற பொம்மை நிறுவனத்திடம், மற்ற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடம் இருக்கிறது. மூலையில் குட்டி எண் போட்ட எழுத்துக்கட்டையை லோகோவாக்குவது யாரோடு வழக்கு வரும் என்று தெரிந்தே செய்யும் காரியம்.

பகடை, சதுரங்கக் காய், மீப்பிள் எனப்படும் மர மனித உருவம், ஆவி பறக்கும் கோப்பை: போர்டு கேம் கஃபே என்றதும் கை தானாக வரையும் நான்கும் இவைதான். நான்குமே வேண்டாம் என்று முடிவானதற்குத் தனித்தனிக் காரணம் உண்டு. கைப்பேசியின் வரைபடச் செயலியில் சின்னஞ்சிறு வட்டமாகத் தெரியும்போது பகடை சூதாட்ட விடுதியைத்தான் நினைவூட்டும். அதனோடு கரும்பச்சையும் பொன்னிறமும் சேர்ந்துவிட்டால் சந்தேகமே இராது. சதுரங்கக் காய் பயிற்சி வகுப்பைக் குறிக்கும். மீப்பிள் 2000-இல் வந்த கார்காசோன் விளையாட்டோடு பரவிய உருவம். அதன் பதிப்பாளரான ஹான்ஸ் இம் கிளூக் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு வணிகச் சின்னப் பதிவு வைத்திருக்கிறது, அதை வைத்து ஆட்சேபமும் எழுப்பியிருக்கிறது. ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்களே என்பது பாதுகாப்பு ஆகாது. கோப்பைச் சின்னமோ எல்லாக் கஃபேக்கும் பொது.

திறக்கும் மூடி

எந்த விளையாட்டுக்கும் பொதுவான ஒரு செயல் உண்டு: மூடியைத் தூக்குவது. அதையே சின்னமாக எடுத்தோம். பக்கவாட்டில் பார்த்த ஒரு பெட்டி, கீழே அடிப்பகுதி, மேலே சற்றுச் சாய்ந்து எழும்பிய மூடி. இரண்டே வடிவம், ஒரே நிறம். நடுவே விழும் இடைவெளிதான் இந்த அடையாளத்தின் உயிர். மேசை எண், அம்புக்குறி, 'திறந்திருக்கிறது' என்ற சொல் எதையும் அதற்குள் வைக்கலாம். லோகோ தன் வேலையையும் செய்து கடையின் வேலையையும் செய்கிறது.

சாய்வுக் கோணத்தைத் தேர்வது எளிதாக இல்லை. 5 பாகையில் அச்சுப் பிழை போலத் தெரிகிறது. 20 பாகையைத் தாண்டினால் மூடி பறந்துபோகிறது, பெட்டி வெடிப்பது போல் ஆகிறது. 12 பாகையில் ஒரு கை தூக்குவது தெரிகிறது. அதே 12 பாகை இணைய உலாவியின் தாவலில் தெரியும் 16 பிக்சல் சின்னத்தில் உதவாது. சாய்ந்த விளிம்பு பிக்சல் கட்டங்களில் மங்கிப் புழுப்போல நெளியும். ஆகவே சிறிய அளவுக்குத் தனி வரைவு: மூடி சாயாமல் நேராக மேலே எழும்பும். மூடி 14×4 பிக்சல், இடைவெளி 2, அடிப்பெட்டி 14×8. ஒரே படத்தைச் சுருக்கி எல்லா இடத்திலும் போடுவது சோம்பல். குறைந்தது இரண்டு அளவுக்கு இரண்டு வரைவு வேண்டும்.

சமூக ஊடகங்கள் படத்தை வட்டமாக வெட்டும். சதுரச் சின்னத்தின் மூலை வெட்டுப்படாமல் இருக்க அதன் பக்கம் வட்ட விட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூச்சுவிட இடம் வேண்டி 60 சதவீதத்தில் வைத்தோம். ஏப்ரன் எம்பிராய்டரியில் 1 மி.மீ.க்கு மெல்லிய கோடும் 5 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தும் நூலில் அடைபட்டுவிடும் என்பதால் துணிக்குச் சின்னம் மட்டும், எழுத்து கிடையாது.

நிறம்: விளக்கு மாட்டிய பிறகு

வேலை வரிசையில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. நிறத்தைத் திரையில் முடிவு செய்து, பலகைக்கு ஆர்டர் கொடுத்து, பிறகு கடையில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு எரியும்போது பார்ப்பார்கள். ஊதா பழுப்பாக மங்கியிருக்கும், நீலம் கரியாக இருக்கும். இங்கே முதலில் விளக்கு தீர்மானிக்கப்பட்டது: 3000 கெல்வின், நிறக் காட்டுத்திறன் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற, 100 வரையான அளவு) 90-க்கு மேல், மேசைப் பரப்பில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம். இது அழகுக்காக மட்டும் இல்லை. நிறக் காட்டுத்திறன் குறைந்த விளக்கில் நீலக் காயும் பச்சைக் காயும் ஒன்றுபோலாகி ஆட்டமே தகராறில் முடியும்.

கடையின் நிறமாகக் கடுகு மஞ்சளும் கரிக்கறுப்பும் தேர்வாயின. மஞ்சள் விளக்கில் அதிகம் மாறாத நிறம் அது. திரையின் சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) அளவில் 217, 162, 27. வெள்ளைப் பின்னணியில் இதன் ஒளி வேறுபாட்டு விகிதம் 2.3-க்கு 1 மட்டுமே. படிக்கும் எழுத்துக்கு இணைய அணுகல் வழிகாட்டுதல் கேட்பது 4.5-க்கு 1. கரிக்கறுப்பு எழுத்தை மஞ்சள்மேல் வைத்தால் 7.4-க்கு 1. எனவே விதி ஒரே வரி: மஞ்சள் எப்போதும் பின்னணி, எழுத்து எப்போதும் கறுப்பு. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து எங்கும் வராது. அச்சில் இன்னொரு ஆபத்து உண்டு. திரை நிறத்தை மென்பொருள் தானே நான்கு மை அச்சு முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது கொஞ்சம் சயான் என்ற நீலப்பச்சை மை நுழைந்தாலும் மஞ்சள் பச்சையடிக்கும். சயானைப் பூச்சியம் என்று கைப்படப் பூட்டி, மெஜந்தா 30, மஞ்சள் 95, கறுப்பு 10 என்ற அளவிலிருந்து தொடங்கி, அச்சகத்தின் மாதிரித் தாளைக் கடையின் விளக்கடியில் பார்த்துத் திருத்துவதே வழி.

அலமாரிக்குப் பின்சுவர் சாம்பல் கலந்த மண் நிறம். எந்தப் பெட்டியும் அதன்மேல் எடுப்பாக நிற்கும்.

லேபிள்: உண்மையான முகம்

ஹாபி விளையாட்டுகளில் பரவலான சதுரப் பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 30 செ.மீ., தடிமன் 7. மரச்சாமான் நிறுவனமான ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரி அறையின் உள்ளளவு 33×33 செ.மீ. என்பதால்தான் இந்த உலகத்தில் எங்கே பார்த்தாலும் அந்த அலமாரி நிற்கிறது. நிறுத்தி வைத்தால் ஓர் அறைக்கு நான்கு பெரிய பெட்டி. சிறியதும் கலந்து சராசரி ஆறு என்று கொண்டால் 350 பெட்டிக்கு 60 அறை. ஒவ்வோர் அறைக்கும் வரிசை எழுத்தும் எண்ணும் கொடுத்தோம். அதே குறி பெட்டியிலும் இருக்கும். முடித்தவர் தானே பெட்டியைத் திருப்பி வைக்கலாம்.

லேபிள் 40×18 மி.மீ. அதில் நான்கே செய்தி: ஆட்கள், நேரம், சிரமம், அறைக் குறி. இதை நிரப்புவதில்தான் விஷயம் தெரிந்தவர் கை தேவை. பெட்டியில் 2 முதல் 6 பேர் என்று அச்சிட்டிருக்கும். அதில் பல, இரண்டு பேருக்குச் சப்பென்று இருக்கும். சிறப்பாக அமையும் எண்ணுக்கு மட்டும் லேபிளில் அடிக்கோடு. பெட்டியில் போட்டிருக்கும் நேரம் விதி தெரிந்தவர்களுக்கானது. 45 நிமிடம் என்றிருப்பது முதல்முறை ஆடுபவர்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். எனவே லேபிளில் சொல்லித்தரும் நேரமும் சேர்த்த கணக்கே போடப்பட்டது.

சிரமத்துக்கு போர்டு கேம்களுக்கான போர்டுகேம்கீக் இணையதளத்தின் 1 முதல் 5 வரையான 'எடை', அதாவது சிக்கல் மதிப்பெண்ணை அப்படியே எடுப்பது வழக்கம். அது அனுபவசாலிகள் அனுபவசாலிகளுக்காகப் போட்ட மதிப்பெண். கஃபேக்குத் தேவை வேறு: இதைச் சொல்லித்தர எவ்வளவு நேரம்? 5 நிமிடத்துக்குள் என்றால் ஒரு புள்ளி, 10 வரை இரண்டு, 20 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. நான்கு புள்ளிப் பெட்டியை எடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று அறைப் பலகையிலேயே எழுதியாயிற்று.

புள்ளிகளுக்கு நிறக் குறியீடு கொடுக்கலாம் என்ற யோசனை வேண்டுமென்றே கைவிடப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. அதோடு சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் ஏற்கெனவே ஆட்டக்காரர்களின் காய் நிறங்கள். லேபிளும் அதே மொழியைப் பேசினால் குழப்பம்தான். புள்ளியின் எண்ணிக்கை எந்த வெளிச்சத்திலும் எண்ணிக்கையாகவே இருக்கும்.

ஒட்டுவதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. நிரந்தரப் பசை, துணிநெசவு போன்ற பெட்டிமேல்தாளைப் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு அந்தப் பெட்டியை விற்கவும் முடியாது. பசை மிகவும் இளகியதானால் கை வியர்வையில் மூலை சுருளும். எடுக்கக்கூடிய பசை கொண்ட மேட் பாலிபுரொப்பிலீன் ஸ்டிக்கர், மூலைகள் 2 மி.மீ. வளைவு. பெட்டி விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி, கீழ் இடது மூலையில். மூடியும் அடிப்பெட்டியும் சேரும் கோட்டின்மேல் ஒட்டவே கூடாது. முதல் தடவை திறக்கும்போதே கிழியும். ஒட்டுமுன் பெட்டி எப்படி நிற்கும் என்று முடிவு செய்ய வேண்டும். நான்கு பக்கத்திலும் பெயர் அச்சிட்டிருந்தாலும் படுக்கவைத்துப் படிக்க இரண்டு, நிறுத்திப் படிக்க இரண்டு என்று இருக்கும். லேபிள் தப்பான பக்கத்தில் இருந்தால் பெட்டி தலைகீழாக அலமாரி ஏறும்.

மூடியின் உட்புறத்தில் உள்ளடக்கச் சீட்டு ஒன்று. கேட்டான் என்ற விளையாட்டின் பெட்டியில் 19 நில ஓடு, 18 எண் வில்லை, ஒவ்வொரு நிறத்திலும் 5 குடியிருப்பு, 4 நகரம், 15 சாலை என்று சின்னப் படத்தோடு இருக்கும். எடுத்து வைப்பவர் எண்ணத் தேவையில்லை, ஒரு பார்வை போதும். குறைந்தால் எழுத, அதே சீட்டில் தேதியோடு நான்கு வெற்று வரி. அதன் தலைப்பில் 'கண்டிப்பாக' என்ற சொல் இல்லை. 'எது காணவில்லை என்று எழுதுங்கள், வேறு வைத்துவிடுகிறோம்' என்று இருக்கிறது. தொனி என்பது இங்கேதான் சோதிக்கப்படும். அபராதம் என்று எழுதிவிட்டால் காணாமல் போனதை யாரும் சொல்ல மாட்டார்கள்; அடுத்த குழு பாதி ஆட்டத்தில் கண்டுபிடிக்கும்.

மேசை

பிராண்டு வடிவத்தை மேசைப்பரப்பில் அச்சிடும் ஆசை எல்லா விளக்கப்படங்களிலும் வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கட்டம் போட்ட பரப்பில் சின்ன வில்லைகள் ஒளிந்துகொள்ளும். வெள்ளைச் சீட்டும் கறுப்புக் காயும் ஒரே அளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் பரப்பு நடுத்தரச் சாம்பலாக, பளபளப்பற்று, வெறுமையாக இருக்க வேண்டும். லோகோ மேசையின் விளிம்பில்கூட இல்லை. நான்கு பேருக்கு 90×90 செ.மீ.க்குக் குறையாத பரப்பு. கோப்பைகளுக்குப் பக்கத்தில் தனித் தட்டு.

மேசைமேல் இருப்பது ஒரே ஒரு பிராண்டுப் பொருள்: மரக்கட்டை. ஒரு முகத்தில் மூடிய பெட்டி, மறுமுகத்தில் திறந்த பெட்டி. திறந்த முகம் மேலே இருந்தால் 'வந்து உதவுங்கள்' என்று பொருள். கையைத் தூக்கிக் கூப்பிடக் கூச்சப்படுபவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகவே இது. 30 மி.மீ. கனசதுரமாகச் செய்தால் அது விளையாட்டுக் காய்களோடு கலந்து பெட்டிக்குள் போய்விடும். 70×70×25 மி.மீ. என்பது எந்தக் காயோடும் குழம்பாத அளவு. 12 மேசைக்கு 18 கட்டை செய்து வைத்தோம்.

மெனு ஏ5 அளவு, செயற்கைத் தாள், மேட். பளபள லேமினேஷன் தொங்குவிளக்கின் ஒளியை நேராகக் கண்ணில் அடிக்கும். ஏ4 மெனுவுக்கு ஆட்டம் பரப்பிய மேசையில் இடமே இராது. ஏ5-ஐக்கூட மேசை ஓரக் கொக்கியில்தான் தொங்கவிட்டோம். உறுப்பினர் அட்டையைச் சீட்டுக்கட்டு அளவான 63×88 மி.மீ.யில் அடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். பணப்பையின் அறை வங்கி அட்டைக்கானது, 54×85.6 மி.மீ. சீட்டு அளவு அட்டை அதற்குள் நுழையாது, வீட்டு மேசை இழுப்பறையில் தங்கிவிடும். வங்கி அட்டை அளவே சரி.

முகப்பு

வசதியாகப் படிக்க 3 மீட்டருக்கு 25 மி.மீ. எழுத்துயரம் என்பது பலகைத் தொழிலின் கைக்கணக்கு. எதிர்ப்பக்க நடைபாதை 15 மீட்டர் என்றால் 125 மி.மீ. மேலும் கீழும் நீளும் குறிகளைச் சேர்க்காமல், எழுத்தின் உடலை மட்டும் அளக்க வேண்டும். பெயருக்குக் கீழே 'போர்டு கேம் கஃபே' என்ற வரியும் அதே உயரத்தில் பாதிக்குக் குறையாமல் வந்தது. கவித்துவமான பெயர் மட்டும் இருந்தால் குழந்தைகள் விளையாட்டுக்கூடமா, வீடியோ கேம் மையமா என்று வெளியிலேயே யோசித்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் பின்னணியை ஃபிளெக்ஸில் அச்சிடவில்லை. வெயிலில் முதலில் வெளுப்பவை மஞ்சள், மெஜந்தா மைகள். நிறமே ஊறிய அக்ரிலிக் பலகையில் கறுப்பு வினைல் எழுத்து வெட்டி ஒட்டப்பட்டது.

கதவில் கண்மட்டத்தில் மூன்று வரி: எப்படிக் கட்டணம், யார் பெட்டி எடுக்கலாம், யார் சொல்லித் தருவார். கட்டண முறை எதுவாக இருந்தாலும் அது கதவுக்கு வெளியே தெரிய வேண்டும். பில்லில் முதன்முதலாகத் தெரியவரும் மேசைக் கட்டணம் எந்த அழகான லோகோவையும் பொய்யாக்கிவிடும்.

சமூக ஊடகப் படங்களில் பதிப்பாளரின் பெட்டி ஓவியத்தைப் பெரிதாக்கி விளம்பரமாக்குவதில்லை என்ற விதியும் பிராண்டு கையேட்டில் உண்டு. மேசைக்கு மேலிருந்து எடுத்த கைகள், நகரும் காய்கள். முகம் தெரிந்தால் கேட்டு அனுமதி வாங்கியபின்.

வரிசையும் சோதனையும்

விளக்கு, சுவர் நிறம், லேபிள் மாதிரி, மேசைப் பொருள்கள், அச்சு, கடைசியாகப் பலகை. இந்த வரிசை மாறினால் நிறம் இரண்டு தடவை வாங்க நேரும். மொத்த லேபிளும் அடிக்குமுன் 20 பெட்டிக்குச் சாதாரணத் தாளில் உண்மை அளவில் அச்சிட்டு ஒட்டி, மாலை வெளிச்சத்தில், போர்டு கேம் அறியாதவர்களிடம் ஒரே வேலை கொடுக்க வேண்டும்: 'மூன்று பேர், ஒரு மணி நேரம், இதுவரை ஆடியதில்லை, ஒன்றை எடுத்து வாருங்கள்.' அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும், கருத்துக் கேட்கத் தேவையில்லை. பெரும்பாலும் தயக்கம் நேரத்துக்கும் ஆட்களுக்கும் உள்ள எண்களில் வரும். எது எது என்று புரியாது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மனிதத் தலையும் ஒரு கடிகாரமும் சேர்ந்தால் தீரும்.

கடை திறந்த பிறகு கவனிக்க வேண்டியவை: உட்கார்ந்ததிலிருந்து முதல் நகர்த்தல் வரை ஆகும் நேரம், கடை மூடும்போது தப்பான அறையில் இருக்கும் பெட்டிகள், மரக்கட்டை திரும்பி நின்றும் ஆள் போகாத மேசைகள். இவற்றில் எது மோசமானாலும் குற்றம் லேபிளிலோ கதவுப் பலகையிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒப்படைப்பில் லோகோவின் எஸ்விஜி, பிடிஎஃப், ஒற்றை நிற வடிவங்களோடு, லேபிளின் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். புதுப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். கடையிலேயே அச்சிட வழியில்லை என்றால் கைப்பட எழுதிய காகிதத் துண்டுகள் ஒட்டப்படும், ஆறே மாதத்தில் அலமாரி இரண்டு மொழி பேசும். 350 லேபிளோடு 150 வெற்று ஸ்டிக்கரும் ஒரு சிறு வெப்ப அச்சுக் கருவிக்கான வார்ப்புருவும் கொடுக்கப்பட்டன. அந்த அச்சில் மஞ்சள் வராது, கறுப்பு மட்டும் வரும். ஸ்டிக்கர் முன்பே மஞ்சளாக அடிக்கப்பட்டிருப்பதால் அதுவே போதும்.